வடசென்னையில் நடக்கும் சரித்திர த்ரில்லர்: இந்தக் காட்சியில் என்னென்ன தப்பு?

கல்மண்டபம் எழுதியது:

நாலு காலத்தில் ஓடுகிற ஒரு சாகசக் கதை. 1759இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைச் சூழ்ந்த முற்றுகை, 1881 புயல், 1914இல் சென்னையைச் சுட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், 1942இல் பட்டணம் காலியான நேரம். நாலிலும் கைமாறுவது ஒரே பொருள், ஒரு துபாஷியின் (வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர்) கணக்கேடு. இடம் முழுக்கக் கோட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும்தான். முதல் காட்சி இது. தயவு தாட்சண்யம் பார்க்காமல் பிரித்து மேயலாம்.

"1759 ஜனவரி. சூரியன் கடலில் மறைந்து ஒரு மணி நேரம். கப்பல் துறைமுகத்தை ஒட்டி நின்றது. பலகை வழியாக இறங்கிய வேலன் தீக்குச்சியைக் கிழித்துச் சுருட்டைப் பற்றவைத்தான். இடுப்புப் பையில் பத்தாயிரம் வராகன். தங்கசாலைத் தெருவில் குதிரையை விரட்டி பிராட்வேயில் திரும்பும்போது பின்னால் வெடிச் சத்தம். உடனே இரண்டாவது, மூன்றாவது. ஒரே ஆள்தான் சுடுகிறான். மதில் வாசலில் நின்ற போலீஸ்காரனிடம் கடிதத்தை நீட்டினான் வேலன்."

தெண்டிவெள்ளம் எழுதியது:

முதல் வரியிலேயே மாட்டிக்கிட்டீங்க. நம்ம கரை கிழக்கு பார்த்த கரை. கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. காதல் காட்சியிலும் இந்தத் தப்பு நிறைய வருது. மறைஞ்ச பிறகு அந்திவெளிச்சமும் இங்கே இருபது இருபத்தைந்து நிமிஷம்தான், அப்புறம் கும்மிருட்டு.

அடுத்து, துறைமுகமே கிடையாது. அலைதடுப்புச் சுவர் வேலை தொடங்கினதே 1870களின் நடுவில்தான். அதுவரை கப்பல் கரையிலிருந்து ஒரு மைல், ரெண்டு மைல் தள்ளி நங்கூரம் போடும். நடுவில் அலை உடையும் வரிசைகள். வெள்ளைக்காரன் படகு அதில் நொறுங்கிடும். ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தது மசூலாப் படகு. அடி தட்டையா, பக்கம் உயரமா இருக்கும். பலகைகளை ஆணி அடிச்சுச் சேர்க்காம தென்னங்கயிறால தைச்சிருப்பாங்க. அலை அடிக்கும்போது உடம்பு வளைஞ்சு கொடுக்கும், அதனால பிளக்காது. ஆனா தையல் வழியா தண்ணி கசியும், இறைக்கத் தனியா ஒரு ஆள் வேணும். கடைசி அலை முதுகில் ஏறி மணலில் மோதுற நேரம்தான் ஆபத்து. படகு குறுக்கே திரும்பினா கவிழும்.

உங்க கதைக்கு இதைவிட நல்லது கட்டுமரம். மசூலா இறங்க முடியாத கடலிலும் கட்டுமரம் போகும். கப்பலுக்கும் கரைக்கும் கடிதம் சுமந்தவங்க தலையில் ஓலையில் முடைஞ்ச கூம்புத் தொப்பி போட்டிருப்பாங்க. கடிதம் அதுக்குள்ளே. ஆள் அலையில் புரண்டாலும் காகிதம் நனையாது. வேலனைக் குதிரையிலிருந்து இறக்கி இதில் ஏத்துங்க.

மாசமும் இடிக்குது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவக்காத்து. அந்த நேரத்தில் இந்தக் கடலில் நங்கூரம் போட எந்தக் கப்பல்காரனும் துணிய மாட்டான். 1746 அக்டோபரில் சென்னையைப் பிடிச்சு வச்சிருந்த பிரெஞ்சுக்காரங்க கப்பல்களை ஒரே ராத்திரியில் புயல் வாரிக்கிட்டுப் போச்சு. 1758லும் ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் பருவத்துக்கு முன்னாடியே பம்பாய் போயிடுச்சு. முற்றுகை டிசம்பரில் விழ அதுவும் ஒரு காரணம். உதவிக் கப்பல்கள் வந்தது 1759 பிப்ரவரி 16. மறுநாளே பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கிளம்பிடுச்சு. காட்சியை அந்த ராத்திரிக்குத் தள்ளுங்க, தானா சூடு பிடிக்கும்.

இன்னும் ஒண்ணு. கடலில் போட்ட பிணம் எங்கே ஒதுங்கும்னு எழுதும்போது நீரோட்டம் பாருங்க. தெற்கிலிருந்து வடக்கே ஓடினா தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடினா வன்னி. ஆடி மாசம் கோட்டைக்கு எதிரே விழுந்தது ராயபுரம் பக்கம் போகும். கார்த்திகையில் விழுந்தா மயிலாப்பூர் பக்கம். தப்பான திசையில் ஒதுக்கினீங்கன்னா காசிமேட்டு வாசகன் புத்தகத்தை மூடி வச்சிடுவான். ஓதம் (கடல் ஏற்றவற்றம்) வடிஞ்சா தெரியுற ரகசியக் குகை மாதிரி எதுவும் வேண்டாம். இங்கே ஓத வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான், குகைக்குப் பாறையும் கிடையாது.

வால்டாக்ஸ்_பழசு எழுதியது:

தெருக்களை நான் பார்த்துக்கறேன்.

தங்கசாலைன்னு தெருவுக்குப் பேர் வரக் காரணமான நாணயச்சாலை அங்கே வந்தது 1840களில். அதுக்கு முன்னாடி அந்தக் கட்டிடத்தில் வெடிமருந்துதான் செஞ்சாங்க. பிராட்வே 1780களுக்குப் பிந்தியது. ஸ்டீபன் போஃபம் அங்கே இருந்த பள்ளத்தைத் தூர்த்துப் போட்ட சாலை அது. 1759இல் முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நடுவில் சாக்கடையும் சேறும்தான். குதிரை விரட்டுற இடமில்லை, கால் புதையுற இடம். துரத்தல் காட்சிக்கு அது இன்னும் நல்லாவே இருக்கும்.

மதில் வாசல்? ஊரைச் சுத்தி மதில் கட்டினது 1769இல் ஹைதர் அலி வந்து மிரட்டிட்டுப் போன பிறகு. மிச்சத்தை இன்னிக்கும் ராயபுரம் மாடிப் பூங்காவில் பார்க்கலாம். அந்த மதிலுக்கு வரி போடுவோம்னு சொல்லி, வசூலாகாத வரியின் பேர் மட்டும் வால்டாக்ஸ் சாலையில் நிக்குது. 1759இல் கோட்டைக்குத்தான் மதில்.

போலீஸ்காரன் வேண்டாம். அந்தக் காலத்தில் ஊர்க்காவல் பெத்த நாயக்கன் பொறுப்பு, அவர் கீழே தலையாரிகள். மாநகரப் போலீஸ் 1856இல்.

எல்லாத்துக்கும் மேலே, முற்றுகையப்போ பேட்டைகள் முழுக்க பிரெஞ்சுக்காரன் கையில். கோட்டை மட்டும்தான் ஆங்கிலேயனிடம். வேலன் யாரிடம் கடிதம் கொண்டுபோறான்னு நீங்க முதல்ல முடிவு பண்ணணும். கோட்டைக்குன்னா கிழக்குப் பக்கம் கடல் வாசல் வழியாத்தான் நுழையணும். நடுவில் இருந்த பழைய கறுப்பர் பட்டணம், அதாவது இப்போ ஹைகோர்ட் நிக்கிற இடம், ஏற்கெனவே இடிச்சுத் தள்ளியாச்சு. 1746க்கு அப்புறம் பிரெஞ்சுக்காரன் பாதி, திரும்பி வந்த ஆங்கிலேயன் மீதி. பீரங்கிக்கு மறைப்பு இருக்கக் கூடாதுன்னுதான். அந்த வெட்டவெளியைத் தாண்டுறது ஒரு முழு அத்தியாயம்.

கடற்கரையும் இன்னிக்கு இருக்கிற இடத்தில் இல்லை. துறைமுகச் சுவர் வந்த பிறகுதான் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாச்சு, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் தின்ன ஆரம்பிச்சது. கோட்டைக் கிழக்கு மதிலுக்கும் அலைக்கும் நடுவில் 1759இல் கொஞ்சம் மணல்தான்.

எட்டணா எழுதியது:

பத்தாயிரம் வராகனை இடுப்பில் கட்டினா வேலன் எழுந்திருக்கவே மாட்டான் 😄

நட்சத்திர வராகன்ங்கிற தங்க நாணயம் ஒண்ணு 3.4 கிராம் அளவு. பத்தாயிரம்னா 34 கிலோ. அரிசி மூட்டையைக் கட்டிக்கிட்டு கட்டுமரத்தில் ஏறுற மாதிரி. ஐநூறு வச்சா 1.7 கிலோ, அது ஒரு ஆள் ஓடக்கூடிய எடை. பெரிய தொகை வேணும்னா உண்டியல் சீட்டு (காட்டிப் பணம் வாங்கிக்கிற கடிதம்), இல்லேன்னா வைரம், பவழம். பவழக்காரத் தெருன்னு பேர் சும்மா வரலை.

சில்லறைக் கணக்கு: 1 வராகனுக்கு 42 பணம், 1 பணத்துக்கு 80 காசு. வராகன் கணக்கு 1818இல் போயிடுச்சு, மாற்றின விகிதம் 100 வராகனுக்கு 350 ரூபாய். அப்புறம் 1957 ஏப்ரல் 1 வரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. 1942 காட்சியில் யாராவது 'அம்பது பைசா கொடு'ன்னு கேட்டா கதை முடிஞ்சது. எட்டணா. வெள்ளி ரூபாய் ஒண்ணு ஒரு தோலா, 11.66 கிராம். 1881இல் வில்லன் ஆயிரம் ரூபாய்ப் பையைத் தூக்கி வீசுறான்னா பன்னிரண்டு கிலோவை வீசுறான்னு அர்த்தம். வாங்குறவனுக்கு மூக்கு உடையும்.

கருமருந்து எழுதியது:

சுட்டது ஒரே ஆள், மூணு வெடி, 'உடனே உடனே'. அந்தக் காலத்தில் நடக்காது.

1759இல் சிப்பாய் கையில் இருந்தது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. சுட்ட பிறகு செய்ய வேண்டியது: காகிதத் தோட்டாவைப் பல்லால் கடிச்சுக் கிழி. கொஞ்சம் மருந்தைத் துப்பாக்கியின் பக்கத்தில் இருக்கிற கிண்ணியில் கொட்டி மூடு. துப்பாக்கியை நிமிர்த்தி மீதி மருந்தைக் குழாயில் கொட்டு. குண்டையும் காகிதத்தையும் போட்டுக் கம்பியால் இடி. கம்பியை உருவி அதன் இடத்தில் செருகு. தோளில் ஏத்தி, கல்லைப் பிடிச்சிருக்கிற துப்பாக்கிக் குதிரையை முழுசா இழுத்து, சுடு. நல்லாப் பழகினவன் நின்ன இடத்தில் நிமிஷத்துக்கு மூணு வெடி போடுவான். ஓடிக்கிட்டே, இருட்டில்? ஒண்ணு போட்டா பெரிசு. எழுபது எண்பது மீட்டர் தாண்டினா குறி வச்சு அடிச்சதா சொல்லாதீங்க, அது அதிர்ஷ்டம்.

கெட்டுப்போற விதம்தான் கதைக்கு முக்கியம். கிண்ணி மருந்து மட்டும் பத்தி உள்ளே பத்தாம போறது. கடல் ஈரத்தில் மருந்து கட்டிதட்டுறது. கல் மழுங்கிப் பொறி விழாதது. பதற்றத்தில் கம்பியை உருவ மறந்து அதையும் சேர்த்துச் சுட்டுடறது. கடைசிது நடந்தா அவனால அடுத்த குண்டு போடவே முடியாது. கட்டுமரத்தில் வந்தவன் கையில் துப்பாக்கி இருந்தா அது வெறும் தடி.

நாட்டுப் படைகளிடம் திரித் துப்பாக்கியும் இருந்தது. அதில் கங்கு கனிஞ்சுக்கிட்டே இருக்கும். மறைஞ்சு நிக்கிறவனை அந்தச் செம்புள்ளியும் வாசனையும் காட்டிக்கொடுக்கும். வெட்டவெளியைத் தாண்டும்போது வேலன் எண்ணிப் பார்க்கட்டும், இருட்டில் எத்தனை செம்புள்ளின்னு.

தீக்குச்சியும் கிடையாது, அது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சமாச்சாரம். சக்கிமுக்கி, பஞ்சு, இல்லேன்னா யார் வீட்டுத் தணலாவது. சுருட்டு மட்டும் தப்பிச்சது.

ஒத்தவாடை எழுதியது:

ஒரு பத்தியைப் பத்துப் பேர் சேர்ந்து கொன்னுட்டீங்க. இப்படித் தராசு, கடிகாரம் எல்லாம் வச்சு எழுதினா கதை எங்கே நிக்கும்? வாசகன் விறுவிறுப்புக்குத்தானே வாங்குறான்? வராகன் 3.4 கிராம்னு அவனுக்கு எதுக்கு?

தெண்டிவெள்ளம் எழுதியது:

அவனுக்குச் சொல்ல வேண்டாம்தான். 'பை இடுப்பை அறுத்தது'ன்னு ஒரு வரி போதும். ஆனா எழுதுறவனுக்குத் தெரிஞ்சாகணும். த்ரில்லருக்கு உயிரே 'முடியாது'ங்கிறதுல இருக்கு. கரையில் இறங்க முடியாது, ரெண்டாவது வெடி போட முடியாது, சேதி போய்ச் சேர நேரமாகும். அந்தந்தக் காலத்தின் முடியாதுகளை எடுத்துட்டா நாலு காலமும் ஒரே காலம்தான், உடுப்பு மட்டும் வேற.

ஒத்தவாடை எழுதியது:

சரி, அதை ஒத்துக்கறேன். ஆனா பேச்சுமொழி விஷயத்தில் விடமாட்டேன். 1759 மனுஷன் 'யாமறியோம் பராபரமே'ன்னு பேசினா சிரிப்பு வருது.

தேரடி_ஒற்றியூர் எழுதியது:

அதுக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கே. 1736இலிருந்து 1761 வரை புதுச்சேரியில் எழுதினது. அந்தத் தமிழ் செந்தமிழ் இல்லை, வியாபாரிகளின் பேச்சு. பாரசீகம், போர்ச்சுக்கீசு, தெலுங்கு எல்லாம் கலந்து ஓடும். வாக்கிய ஓட்டத்தை அதில் கேட்டுப் பழகிக்கணும், சொற்களை அப்படியே தூக்கி வைக்க வேண்டாம். பெத்தநாயக்கன்பேட்டை ஆள் பேச்சில் தெலுங்கு வாடை இல்லாம இருக்காது.

சொல்லுக்கும் பிறந்த தேதி உண்டு. சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் போர்ச்சுக்கீசியரோடு வந்தது. 1759இல் தாராளமா வரலாம். யாராவது ராஜேந்திர சோழன் காலத்தில் திருவொற்றியூரை வச்சு எழுதினா அங்கே திறவுகோல், சாளரம். அந்த மடப்பள்ளியில் மிளகாயும் கிடையாது, காரத்துக்கு மிளகுதான். நேரம் நாழிகைக் கணக்கு: ஒரு நாழிகை 24 நிமிஷம், ஏழரை நாழிகை ஒரு சாமம்.

சோழர் காலத்துக்கு ஒரு நல்ல உபாயம் சும்மா கிடக்கு. எழுத்தாணியால் கீறின ஓலையில் கரி தடவாதவரை எழுத்து கண்ணுக்குச் சட்டுனு தெரியாது. வெத்து ஓலைன்னு காவலன் விட்டுடுவான். போய்ச் சேர்ந்த இடத்தில் விளக்குக் கரியைத் தேய்ச்சுத் துடைச்சா எழுத்து எழும். ஓலை நல்லாப் பதப்படுத்தினதா இருக்கணும், காஞ்சு முறுகினது கீறும்போதே நார்நாராப் பிரியும்.

கல்மண்டபம் எழுதியது:

கணக்கேட்டின் முதல் பக்கங்களை ஓலையாகவே மாற்றிவிடலாம் போல. எம்டன் காட்சிக்கு நிலா வெளிச்சம் வைத்திருந்தேன். இருக்கலாமா?

எண்ணூர்க்கழி எழுதியது:

இருக்கக் கூடாது. கணக்கு எளிது. தேதி தெரிஞ்ச ஒரு கிரகணத்தைப் பிடிங்க. 1914 ஆகஸ்ட் 21 சூரிய கிரகணம், அதனால அன்னிக்கு அமாவாசை. 29.5 நாள் கூட்டினா செப்டம்பர் 19, 20 வாக்கில் அடுத்த அமாவாசை. எம்டன் சுட்டது 22ஆம் தேதி ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில். மூணாம் பிறை எட்டு மணி வாக்கிலேயே மேற்கே இறங்கியிருக்கும். கடல் மேலே இருட்டு, கரையில் ஊர் விளக்கு எரியுது, ஹைகோர்ட் கோபுரத்தில் 1894 முதல் கலங்கரை விளக்கம். எம்டன் கேப்டன் வான் முல்லருக்கு இதைவிட என்ன வேணும்?

இதே மாதிரி உங்க 1759 பிப்ரவரி 16. அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 15, அதுக்கு முந்தின பௌர்ணமி 12. அதிலிருந்து 59 நாள் பின்னாடி போனா பிப்ரவரி 12 பௌர்ணமி. நாலு நாள் கழிச்சு நிலா ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் எழும். சூரியன் ஆறு மணி வாக்கில் மறையும். நடுவில் மூணு மணி நேர இருட்டு, அதுதான் வேலனுக்கு அவகாசம்.

எம்டனுக்குத் திரும்புவோம். முதலில் தேடுவிளக்கு வெளிச்சம், அப்புறம் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள். அரை மணிக்குள் சுமார் 125 குண்டு. பர்மா ஆயில் தொட்டிகள் பத்திக்கிச்சு. தூரம் மூணு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கரையில் நிக்கிறவனுக்கு வரிசை இது: கடலில் மின்னல், அடுத்து குண்டு விழுந்து வெடிக்கிறது, அதுக்கப்புறம்தான் பீரங்கிச் சத்தம். சத்தம் வர எட்டு விநாடி ஆகும், குண்டு அதைவிட வேகம். சத்தத்தைக் கேட்டுக் குனிஞ்சான்னு எழுதினா அவன் ஏற்கெனவே செத்திருப்பான்.

'அவன் சரியான எம்டன்'ங்கிற வசவு அந்த ராத்திரிக்கு அப்புறம் வந்தது. 1881 காட்சியில் அதை நுழைச்சிடாதீங்க.

வால்டாக்ஸ்_பழசு எழுதியது:

தேதி பத்தி ஒரு எச்சரிக்கை. பின்னோக்கிப் போய் 1746ஐத் தொடுவீங்கன்னா, ஆங்கிலேயன் அப்போ பழைய நாட்காட்டி, பிரெஞ்சுக்காரன் புதுசு. 11 நாள் வித்தியாசம். கோட்டை சரணடைஞ்சது ஆங்கிலக் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக் கணக்கில் 21. ரெண்டு ஆவணத்தையும் கலந்து எழுதினா கடிதம் எழுதறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்திருக்கும். ஆங்கிலேயன் மாறினது 1752 செப்டம்பர். 1759க்கு அந்தத் தொல்லை இல்லை.

கடிகாரமும் அப்படித்தான். 1906க்கு முன்னாடி மெட்ராஸ் நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முன்னால். அந்த வருஷம்தான் ஐந்தரை ஆச்சு. 1881இல் கல்கத்தாக்காரன் தன் ஊர் நேரம் காட்டுற கடிகாரத்தோடு வந்தான்னா அரை மணிக்கு மேல் வித்தியாசம். ரயிலைத் தவறவிட வைக்கலாம், பொய் சாட்சியை மாட்டவைக்கலாம். ராயபுரம் நிலையம் 1856இலிருந்தே இருக்கு, தந்தியும் உண்டு. அப்போ தப்பி ஓடுறவனை விடத் தந்தி வேகம். புயல் கம்பியை அறுத்ததாக வச்சாத்தான் அவன் பிழைப்பான். புயல் நவம்பரில் வந்து, கட்டி முடியும் நிலையில் இருந்த துறைமுகச் சுவர்களையே உடைச்சுது, கம்பி எம்மாத்திரம்.

எட்டணா எழுதியது:

1942க்கு சுருக்கமா. ஏப்ரலில் ஜப்பான் பயம், அரசு அலுவலகங்களே வெளியூர் போச்சு. பீப்பிள்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டாங்க, குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா ஊருக்குள் வந்துடும்னு. ஆனா அப்போ குண்டு விழவில்லை. ஒரு ஜப்பானிய விமானம் வந்து போட்டது 1943 அக்டோபரில். காலி வீடு, இருட்டடிப்பு, ட்ராம் இன்னும் ஓடுது (1953 வரை), கரிவாயுவில் ஓடுற பஸ். கணக்கேட்டைத் தேடுறவனுக்குப் பூட்டின வீடுகள்தான் வில்லன்.

கல்மண்டபம் எழுதியது:

திருத்திய வரைவு:

"அஸ்தமித்து நாலு நாழிகை. நிலா எழ இன்னும் நாலு. அலை மூன்றாவது முறை புரட்டிப்போட்டபோது வேலன் இரண்டு கையாலும் தொப்பியைத்தான் பிடித்தான், மரத்தை அல்ல. மணலில் முழங்கால் தட்டியது. இடுப்பு முடிச்சு ஈரத்தில் இறுகி எலும்பை அறுத்தது. வடக்கே, இடித்த பட்டணத்தின் மேட்டில், ஒரு செம்புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. காற்று அவர்களிடமிருந்து இவன் பக்கம் வீசியது. திரி வாசனை வந்தது. கடல் வாசலுக்கு நூறடி. கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் படாத பக்கமாக ஊர்ந்தான்."

கருமருந்து எழுதியது:

இது கதை. மூணாவது புள்ளி ஒண்ணு நகரட்டும், நிக்காம.

வால்டாக்ஸ்_பழசு எழுதியது:

கலங்கரை விளக்கம் 1796இல்தான் வந்தது. அதை எடுத்துட்டு கோட்டைக் கொத்தளத்துப் பந்தம்னு போடுங்க. அதுவும் முற்றுகை நேரத்தில் ஏத்தி வச்சிருப்பானான்னு யோசிங்க, எதிரிக்குக் குறி காட்டுற மாதிரி ஆகும்.

கல்மண்டபம் எழுதியது:

வெளிச்சத்தையே எடுத்துவிட்டேன். இருட்டில் ஊர்கிறான்.